டெமோ மிஸ்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை, அப்பாவின் முட்டி மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, ஊர் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிப் பழுதுபார்க்கிற மனுஷன் லிஃப்ட் இல்லாத நம் வீட்டு மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், கேட்டால் படிக்கட்டைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஜம்பம் வேறு. நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். கறுப்பு ஷூ, உள்ளே பஞ்சு மாதிரி அடிப்பாகம், நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கென்றே செய்தது என்று அதிலேயே போட்டிருக்கிறது, மேலே உன் கையெழுத்தில் 'எங்க வீட்டு டீச்சரம்மாவுக்கு' என்று எழுதிய சீட்டு. அதைப் படித்துவிட்டு பெட்டியை அப்படியே மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீ இரண்டு மூன்று தடவை போனில் கேட்டாய், அளவு சரியா, பிள்ளைகள் எப்படி, ஸ்டாஃப் ரூமில் யார் சிநேகிதம் என்று. நான் சிக்னல் இல்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று என்னவோ சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாய், உன் குரலைக் கேட்டு நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். கண்ணு, அம்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்ததாக நான் உன்னிடம் சொன்ன வேலை ஒன்று உலகத்திலேயே இல்லை.

உனக்குத் தெரியாத கதையில்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பெயிண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து வேலை பார்த்தவள் நான். போன வாரம் காய்ச்சிய நீலமும் இந்த வாரம் காய்ச்சிய நீலமும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன், பிறகு அதற்கும் ஒரு மெஷின் வந்தது, மெஷினுக்கு மதியச் சாப்பாடு வேண்டாம், முதுகு வலியும் கிடையாது, எங்கள் அறையையே பூட்டிவிட்டார்கள். அப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு, ஆசிரியர் பற்றாக்குறை, ஆசிரியர் பற்றாக்குறை என்று. உனக்கென்ன, இத்தனை வருஷம் கையால் செய்த ரசாயனம், பள்ளிக்கூடங்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று உன் சித்தப்பாவில் ஆரம்பித்து எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். நானும் தலைகால் புரியாமல் உன் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அந்தப் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு என் குறிப்புகளைத்தான் வாங்கிப் படித்தார்கள், இப்போது அதில் பாதிப்பேர் வகுப்பில் நிற்கிறார்கள், நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது எத்தனை வருஷ வகுப்பு அனுபவம் என்றுதான். இல்லை என்றால் அனுபவத்தோடு வாருங்கள் என்கிறார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும் என்றால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் என்கிறார்கள். அதற்குப் பிறகு சான்றிதழில் பிறந்த வருஷத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் நிமிர்ந்து என் தலைமுடியைப் பார்க்கிறார்கள், அதோடு பேச்சு முடிந்தது. ஒரு இடத்தில் எட்டாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருக்கிறது, ஏறிவிடுவீர்களா என்று கேட்டார்கள். ஏறிக் காட்டினேன். ஏறிய பிறகு, அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று சொன்னார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வராந்தா பெஞ்சில் எனக்கு மூன்று பேர் பழக்கமானார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதே முகங்கள்தான். ஒருவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர், கடல் போதும் என்று இறங்கி வந்து கணக்கும் இயற்பியலும் சொல்லித்தர அலைகிறார், பெஞ்சில் உட்காரும்போதுகூட காலை அகட்டி வைத்துத்தான் உட்காருவார், பெஞ்சு ஆடுமோ என்று பயம்போல. ஒரு அம்மா வங்கியில் கிளை மேலாளராக இருந்தவர், அந்தக் கிளையையே இன்னொன்றோடு சேர்த்து மூடிவிட்டார்கள், கைப்பையில் எப்போதும் சீப்பும் தலைவலி மாத்திரையும் வைத்திருப்பார், எங்கள் எல்லோருக்கும் அவர்தான் தாய். இன்னொருவர் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியவர், நாற்பதைத் தாண்டியவர், எங்களுக்குள் அவர்தான் சின்னவர் என்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறோம், அவருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். பெஞ்சில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிரியும்போது போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. இனிமே உங்களைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொள்வோம். கப்பல்காரர்தான் முதலில் சொன்னார், வங்கியம்மா முகம் மாறிப்போக, உங்களுக்கு வேலை கிடைச்சுட்டா அப்புறம் எங்க பார்க்கப் போறோம், அதைத்தாம்மா சொன்னேன் என்று பதறிப்போனார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வாழ்த்து. கேட்கிறவர்கள் ஏதோ பகை என்று நினைத்திருப்பார்கள்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் திரும்புகிற இடத்தில் மஞ்சள் சுவர் போட்ட பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே கூப்பிட்டார்கள். பெஞ்சில் நாங்கள் நாலு பேரும்தான். பிரின்சிபால் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள், சிரித்த முகம், ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். மற்ற பள்ளிகளில் டெமோ என்றால் ஒரு இருபது நிமிஷம் வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். இவள் அப்படியில்லை. எங்களுக்கு அவசரம் கிடையாது மேடம், ஒரு வாரம் முழுசா எடுங்க, ஒரு பாடத்தை ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டுங்க, அப்பதானே ஒரு டீச்சரைத் தெரியும் என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை நாளில் ஒருத்தியாவது அக்கறையாகப் பேசுகிறாளே என்று. ஏழாம் வகுப்பு, அமிலமும் காரமும் பாடம், என் முறை வர ஒரு மாதம் ஆனது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். பாத்ரூம் போகணும் மிஸ், இவன் என்னைக் கிள்றான் மிஸ் என்று பக்கத்தில் இருந்த மாவு டப்பாவைக் காட்டி ஒரே அழிச்சாட்டியம், கடைசியில் உண்மையாகவே ஒரு கேள்வி கேட்டார், லிஃப்ட் பேட்டரி அமிலம் பட்டால் சட்டை ஏன் ஒரு வாரம் கழித்து ஓட்டையாகிறது என்று. பதில் சொன்னேன். அவர் மாவு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, நீ நல்லாச் சொல்லித் தர்ற என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் வாயிலிருந்து வாங்கியிருக்கிறேன், அதை மட்டும் உனக்குச் சந்தோஷ சமாச்சாரமாக எழுதுகிறேன்.

வகுப்பு நன்றாகப் போனது. ஊதா முட்டைக்கோஸை வேகவைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனேன், எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும், நிறத்தோடு வாழ்ந்தவள் அல்லவா, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எத்தனை அடக்கமான பிள்ளைகள் என்று வியந்துபோனேன். புது ஆளைப் பார்த்த கூச்சல் இல்லை, சீண்டல் இல்லை, நான் உள்ளே போனதும் கரும்பலகையைத் தாங்களே துடைத்து வைத்துவிடுகிறார்கள். வாரக் கடைசியில் பிரின்சிபால் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நம்ம பிள்ளைங்க உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிட்டாங்க மேடம், அடுத்த வாரமும் நீங்களே பாருங்க என்றாள். நம்ம பிள்ளைகள் என்றாள், உங்ககிட்ட என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, உனக்குப் போன் செய்தேன், சித்தப்பாவுக்குச் சொன்னேன், மருந்துக் கடையில் பில் போடுகிற என் அரை நாள் வேலையையும் விட்டுவிட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன், டீச்சராகிட்டீங்க, இனி எங்களை எல்லாம் ஞாபகம் இருக்குமா என்று எழுந்து நின்று அனுப்பிவைத்தார். மறுநாளே அவருடைய கொழுந்தியாள் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் பாடம் முடிந்தது. பிள்ளைகளிடம் அடுத்த பாடம் வெப்பம், அதைத் திங்கட்கிழமை தொடங்கலாம் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, அது முடிஞ்சுபோச்சு மிஸ், கப்பல் சார் முடிச்சுட்டார் என்றாள். எந்தக் கப்பல் சார் என்றேன். டெமோ சார் என்றாள். இன்னொரு பிள்ளை, கணக்குல வட்டி வரைக்கும் பேங்க் மிஸ் முடிச்சுட்டாங்க, கட்டுரை எல்லாம் பேப்பர் சார்தான் என்றது. அப்போ உங்க சயின்ஸ் டீச்சர் யாரு என்று கேட்டேன். வகுப்பே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது, நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டுவிட்டதுபோல. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்தே இது டெமோ பீரியட்தானே மிஸ் என்றாள் அந்தப் பெண். அந்தப் பிள்ளைகளுக்கு டெமோ என்பது ஒரு பாடத்தின் பெயர், கண்ணு. கணக்கு, வரலாறு, டெமோ. யாராவது வருவார்கள், எலுமிச்சம்பழமோ காந்தமோ கொண்டுவருவார்கள், உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருவார்கள், பிறகு வேறொருவர் வருவார். அவர்கள் அடக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று அவர்களாகவே பேசிவைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களையாவது எடுப்பாங்க மிஸ், நாங்க சத்தமே போடலையே என்றது ஒரு பிள்ளை. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏற்கெனவே துடைத்த பலகையையே மறுபடி துடைத்தேன்.

நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். கோபப்பட வேண்டும் என்றுதான் போனேன். அவள் நாற்காலியைக் காட்டினாள், தண்ணீர் கொடுத்தாள், கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வேலைக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். நிர்வாகம் இந்த வருஷம் புது ஆள் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது, மனசு மாறினாலும் மாறும், அதனால் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை என்றாள். சரி, இரண்டு வாரம் எடுத்திருக்கிறேன், அனுபவச் சான்றாவது எழுதிக் கொடுங்கள், அடுத்த இடத்தில் காட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் நிஜமாகவே வருத்தப்பட்ட முகத்தோடு, டெமோவை அனுபவமா எப்படி மேடம் எழுதறது என்றாள். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது நடக்கும்போது, சமைக்கும்போது எல்லாம் நல்ல நல்ல பதிலாகத் தோன்றுகிறது.

அந்த வாரமே இன்னொரு பள்ளிக்கூட பெஞ்சில் நாலு பேரும் மறுபடி சந்தித்தோம். நான்தான் ஆரம்பித்தேன், மஞ்சள் சுவர் பள்ளியில் உங்களையும் ஒரு வாரம் எடுக்கச் சொன்னார்களா என்று. கப்பல்காரர் முகம் கறுத்துவிட்டது. அவரும் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார், வங்கியம்மா மருமகளிடம் சொல்லியிருக்கிறார், தம்பி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் வாத்தியார் மாதிரி முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே கூப்பிடுவதற்குக்கூடக் காத்திராமல் எழுந்துபோய் எதிரே டீக்கடையில் நின்றோம். கப்பல்காரர் மேஜையில் தட்டி, இனி நாலு பேரில் ஒருத்தர்கூட அந்தப் படி ஏறக் கூடாது, நாம போறதாலதான் அவங்க ஆள் எடுக்கல, போகலைன்னா எடுத்துத்தானே ஆகணும் என்றார். நியாயமான பேச்சு. எல்லோரும் தலையாட்டினோம், எல்லோரையும்விட வேகமாக ஆட்டியது நான். பிரியும்போது வழக்கம்போல இனிமே உங்களைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டோம், அன்றைக்கு அதில் ஒரு ரோஷம் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரின்சிபால் போன் செய்தாள். பரீட்சை நெருங்குகிறது, ஒளி பாடம் தொடவே இல்லை, பிள்ளைகள் முட்டைக்கோஸ் மிஸ் எப்போ வருவாங்க என்று கேட்கிறார்கள், உங்களை மட்டும்தான் மேடம் கூப்பிடறேன் என்றாள். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்காகத்தான் மனசு இளகியது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், உன்னிடம் எனக்கென்ன மறைப்பு, அது பாதிதான். மற்ற மூன்று பேரும் போக மாட்டார்கள், நான் ஒருத்திதான் போயிருப்பேன், நிர்வாகம் மனசு மாறினால் கண்முன்னால் நிற்பவள் நான் ஒருத்திதானே, அந்தக் கணக்குதான் மீதி. இவ்வளவு நடந்தபிறகும் அப்படி ஒரு ஆசை. காலையில் அரக்கப் பரக்கக் கிளம்பி வாசலுக்கு வந்தால் என் பழைய செருப்பைக் காணோம். உன் ஷூ பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, திறந்து, கயிறெல்லாம் கோத்து அப்பா அங்கே வைத்திருந்தார். அவர் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருக்கிறது.

பள்ளி வராந்தாவுக்குப் போனால் பெஞ்சில் வங்கியம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தம்பி. பின்னாலேயே கப்பல்காரர் காலை அகட்டி அகட்டி நடந்து வந்து எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். உங்களை மட்டும்தான் என்று சொல்லி நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள், நாலு பேரும் நம்பி, மற்ற மூன்று பேருக்குத் தெரியாமல் வந்திருக்கிறோம். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, நகர்ந்து கப்பல்காரருக்கு இடம் கொடுத்தோம். வங்கியம்மா என் காலைப் பார்த்துவிட்டு ஷூ புதுசா என்று கேட்டார். என் பொண்ணு அனுப்பினது, எனக்கு வேலை கிடைச்சதுக்கு என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லா இருக்கு, நிக்கறதுக்கு நல்லா இருக்கும் என்றார் கப்பல்காரர். கொஞ்ச நேரத்தில் பிரின்சிபால் வெளியே வந்தாள். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையில் சாக்பீஸ் தயாராக இருந்தது, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள், நாங்கள் வாங்கிக்கொண்டோம். என் பீரியடில் ஒளி எப்படி நேர்கோட்டில் போகிறது என்று சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகள் ஒரு சத்தம் போடவில்லை. மத்தியானம் நாலு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். பஸ் திரும்புகிற இடத்தில் நின்றோம், எங்கள் வாழ்த்தை யார் முதலில் சொல்வது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியம்மா கைப்பையை மூடிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாங்கள் மூன்று பேரும் சரி என்றோம்.

இவ்வளவுதான் அம்மாவின் கதை. இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுக்காதே, இரண்டு நாள் கழித்து எடு, எடுத்தால் வேறு ஏதாவது பேசு. உன் ஆபீசில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பாய், திருத்திச் சொல்ல வேண்டாம், அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொல், புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒரு பொய் எதற்கு. உன் வேலை சலிப்பாக இருக்கிறது என்று போன தடவை சொன்னாயே, சலிக்கட்டும், சலிப்போடு அங்கேயே இரு, கையில் இருக்கிற நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே, நாம் எழுந்திருக்கும்வரை காத்துக்கொண்டு ஒரு கொழுந்தியாள் எங்கேயும் இருப்பாள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, யார் வாசலிலும் காத்து நிற்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டிக்கொள்ள இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதே, ஷூவைத் திருப்பி அனுப்பச் சொல்லி மட்டும் கேட்காதே. அடியில் சாக்பீஸ் தூசி பட்டுவிட்டது, நாளைக்கும் தேவைப்படும்.

அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து,
உன் அம்மா.